கிளி ஜோசியர் வரும் இரண்டு நிமிடம்

என் பெரிய மாமா தன் வாழ்நாளில் ஒரே ஒரு சினிமாவில் நடித்தார். 1959இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் அவர் கிளி ஜோசியர். மரத்தடியில் கூண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நகைச்சுவை நடிகர் வந்து சீட்டு எடுக்கச் சொல்வார். இவர் ஏழெட்டு வரி பேசுவார். அவ்வளவுதான். பத்து வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகப் போனவர், சென்னையில் ஆறு ஆண்டு அலைந்ததற்குக் கிடைத்த பலன் அந்த இரண்டு நிமிடம். 1967இல் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருடைய ஒரே புகைப்படமும் 1977இல் திருச்சியில் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுப் பெட்டியோடு ஊறி ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அம்மாவுக்கு எண்பது வயதாகும்போது விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்னார். நேராகப் பார்க்கும் இடம் மங்கி மறையும், ஓரப் பார்வை மட்டும் நிற்கும் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அம்மா பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு, "கண் இருக்கும்போதே அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்றாள். துறையூர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில், மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவள் அவள். தெருவே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனதாம். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படத்தை அவள் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் ஒரு படம் கிடைப்பதா கடினம் என்று நினைத்து, ஒரு வாரத்தில் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினான்கு மாதம் ஆயிற்று. பதினையாயிரத்துச் சொச்சம் ரூபாய் செலவாயிற்று; அதில் பத்தாயிரத்துக்கு மேல் வீண். பணத்தை விடுங்கள், அந்தப் பதினான்கு மாதம் அம்மாவின் கண்ணிலிருந்து போன மாதங்கள். முதல் நாளே நாலு விஷயம் தெரிந்த ஒருவர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நான்கு மாதத்தில் முடித்திருப்பேன் என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. கடைசியில் எனக்குக் கொடுத்தவர் அதைக் கேட்டுக்கொண்டார். காரணம் பின்னால் வரும்.

முதலில் யூடியூபில்தான் தேடினேன். இரண்டு பாட்டு மட்டும் கிடைத்தது. "படமே இல்லை" என்று முடிவு கட்டிவிட்டேன், அது அவசரம். தமிழில் எழுதித் தேடினால் வராத படம் ஆங்கில எழுத்தில் தேடினால் வரும். அதிலும் ழகரத்தை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள், தகரத்தை டகரம்போல் எழுதியிருப்பார்கள். அத்தனை விதத்திலும் தட்டிப் பார்க்க வேண்டும். பெயரை விட்டுவிட்டுக் கதாநாயகி பெயரையும் ஆண்டையும் மட்டும் போட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் காணொளிகள் மட்டும் வருமாறு வடிகட்டினால் எதிர்பாராத இடத்தில் முழுப் படம் கிடைப்பது உண்டு. என் படம் அப்படியும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழியில் அம்மாவுக்குப் பிடித்த வேறு மூன்று படங்கள் காசில்லாமல் கிடைத்தன. பணத்தை எடுக்கும் முன் இந்த வேலையை ஒரு வாரமாவது பொறுமையாகச் செய்யுங்கள்.

நான் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. பழைய பாடல் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என் தேவையை எழுதினேன். அம்மாவின் கண்ணைப் பற்றியும் எழுதினேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. இவளுக்கு அவசரம், என்ன விலை சொன்னாலும் தருவாள் என்பதை நானே விளம்பரம் செய்ததுபோல் ஆயிற்று. பத்து நிமிடத்தில் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: படம் இருக்கிறது, முன்பணம் 1,500 ரூபாய். அனுப்பினேன். மறுநாள் அந்த எண்ணிலிருந்து பதில் இல்லை. இரண்டு நாளில் எண்ணே இல்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. தொகை பெரிதில்லை, அம்மாவின் நோயைக் காட்டி ஏமாந்தோமே என்பதுதான் உறுத்தியது.

அதற்குப் பிறகாவது எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வேறொருவர், "ஐந்நூறு அரிய படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க், 4,200 ரூபாய், பட்டியல் அனுப்புகிறேன்" என்றார். பட்டியலில் எங்கள் படத்தின் பெயர் இருந்தது. வாங்கினேன். திறந்து பார்த்தால் முக்கால்வாசி யூடியூபிலிருந்து இறக்கியவை. ஓரத்தில் சேனல்களின் முத்திரைகூட அழியாமல் இருந்தது. எங்கள் படத்தின் பெயரில் இருந்தது அதே பெயரில் பின்னால் வந்த வேறொரு படம். கதாநாயகன் கலர் சட்டையில் வந்து நின்றதும், அம்மா டிவியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவள், மெதுவாக எழுந்து உள்ளே போனாள். தமிழ்ப் படங்களில் ஒரே பெயர் திரும்ப வருவது சாதாரணம். அம்பிகாபதி 1937இல் பாகவதர் நடித்து வந்தது, 1957இல் சிவாஜி நடித்து வந்தது. பவளக்கொடி 1934இலும் உண்டு, 1949இலும் உண்டு. ஆகவே விற்பவரிடம் பெயரைச் சொல்லி "இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். ஆண்டையும் நடிகர்களையும் அவரையே சொல்ல வையுங்கள். படத்தின் தலைப்பு வரும் இடத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் வைத்திருப்பவர் அனுப்புவார்; இல்லாதவர் கோபப்படுவார். எனக்கு இதில் விதிவிலக்கே நேரவில்லை.

மூன்றாவது அடி வேறு விதமாக விழுந்தது. "அந்தப் படத்தின் நெகட்டிவ் உரிமை எங்கள் குடும்பத்திடம் இருக்கிறது, எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் பிரதி தர முடியாது" என்று ஒருவர் தொலைபேசியில் பேசினார். மரியாதையாக, நிதானமாகப் பேசினார். கிடங்கில் தேடிப் பார்க்கும் செலவுக்கு என்று 3,000 ரூபாய் கேட்டார். சினிமாக் குடும்பம் என்ற பேச்சே எனக்கு ஒரு பணிவைக் கொண்டுவந்துவிட்டது, கொடுத்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து, "தேடினோம், கிடைக்கவில்லை" என்றார். பணம் திரும்பவில்லை. என் சித்தி மகன் வக்கீல். அவனிடம் அப்போதுதான் சொன்னேன். "அக்கா, இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டு. 1959 படத்துக்கு 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இல்லாத உரிமைக்கா பணம் கொடுத்தீர்கள்?" என்று தலையில் கை வைத்தான். பாட்டு எழுதியவர், இசை அமைத்தவர் ஆகியோரின் உரிமை தனி, அது அவர்கள் இறந்த பிறகும் அறுபது ஆண்டு வரை போகும் என்பதையும் அவனே சொன்னான். வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட நினைத்த எனக்கு அது பொருட்டல்ல. வெளியே திரையிட நினைப்பவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்த அனுபவத்தில் நான் உணர்ந்தது இன்னொன்று. உரிமை வேறு, பிரதி வேறு. உரிமை உள்ள குடும்பங்கள் பலவற்றிடம் ஓர் அடி பிலிம்கூட இருக்காது. பிரதி வைத்திருப்பவர் பெரும்பாலும் சினிமாவோடு சம்பந்தமே இல்லாதவர், எங்கோ ஒரு பரணில் தூக்கிப் போட்டு வைத்திருப்பவர். தேட வேண்டியது பரணைத்தான்.

இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அம்மா செய்தித்தாளின் தலைப்பைக்கூட என்னைப் படிக்கச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். இரண்டு நாள் லீவு போட்டுச் சென்னைக்குப் போனேன். ரயில், தங்கும் அறை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,860 ரூபாய். பர்மா பஜாரில் ஒரு காலத்தில் சிடி குவிந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது செல்போன் உறைகளும் சார்ஜர்களும்தான். ஒரு கடையில் வயதான பாய் ஒருவர் மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "அம்மா, படத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. எந்தக் கம்பெனி விசிடி போட்டது என்று கண்டுபிடியுங்கள். பழைய படங்களைக் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக வாங்கும். கம்பெனி தெரிந்தால் அந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போனது என்று தெரிந்துவிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே என் ரயில் டிக்கெட் தகும். மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில் இந்தப் பழைய படங்களை யாரும் மதிக்கவில்லை. வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டார்கள். அந்த நிறுவனமும் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. அன்று 28 ரூபாய்க்கு வாங்காமல் விட்டவர்கள்தான் இன்று என்னைப்போல் அலைகிறோம்.

அன்று மாலை சென்ட்ரல் பக்கம் லில்லி பாண்ட் வளாகத்திலுள்ள பழைய புத்தகக் கடைகளுக்கும் போனேன். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் கடைகள் வந்து சேர்ந்த இடம் அது. சினிமாப் பாட்டுப் புத்தகம் கேட்டேன். கடைக்காரர் இல்லை என்று சொல்லி, தரமணிக்குப் போகச் சொன்னார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு ஆளாகச் சேர்த்து வைத்த புத்தகங்கள்தான் இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. மறுநாள் காலை அங்கே எங்கள் படத்தின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மெலிந்த காகிதம். கதைச் சுருக்கம் பாதியில் நின்று, "மற்றவை வெள்ளித்திரையில்" என்று முடிந்தது. நடிகர்கள் பட்டியலில் கடைசி வரியில் கிளி ஜோசியர் என்று போட்டு எதிரே பெரிய மாமாவின் பெயர். நூலகம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அம்மா சொல்லிக் கேட்ட ஒருவர், அச்சில் இருந்தார். பழைய படத்தைத் தேடுகிறவர்கள் பிரதிக்குப் போகும் முன் இந்தக் காகிதங்களைப் பாருங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். பாட்டுப் புத்தகம், அந்தக் கால சினிமாப் பத்திரிகை, பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு, இவை எல்லாம் சேர்ந்து உங்களுக்குத் தேவையான படம் இன்னது, இன்ன ஆண்டு, இன்ன கம்பெனி என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடும். அதற்குப் பிறகு வேறு படத்தை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

பாய் சொன்ன வழியில் விசாரித்து, விசிடி போட்ட கம்பெனியைக் கண்டுபிடித்தேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் ஒரு செட் இருந்தது. அட்டையில் அச்சிட்ட விலை 45 ரூபாய். அவர் கேட்டது 2,500. பேசிப் பேசி 1,800க்கு வந்தார். தலைப்பு ஓடுவதைக் காட்டச் சொன்னேன், காட்டினார். ஆண்டு சரி, நடிகர்கள் சரி. கூரியரில் வந்தது. இரண்டு வட்டுகள். விசிடி வாங்குகிறவர்கள் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துப் பயப்படுகிறோம்; அது பெரும்பாலும் தேய்த்துச் சரியாக்கக்கூடியது. உயிர் இருப்பது மேல்பக்கத்தில், படம் அச்சிட்ட பக்கத்தில். அங்கே கீறினாலோ உரிந்தாலோ போனது போனதுதான். வட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் வாங்க வேண்டாம். நல்ல வட்டு கையில் வந்தால் முதல் வேலையாக அதைக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கோப்புகளை அப்படியே எடுத்து வைத்தால் விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடும். ஒரு டிரைவ் படிக்க மறுத்தால் வேறொரு பழைய டிரைவில் போட்டுப் பாருங்கள், சில சமயம் படிக்கும்.

நல்ல வட்டுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா, நான், என் மகன் மூவரும் உட்கார்ந்தோம். அம்மா தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஓரப் பார்வையில் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வட்டு முடிந்தது. இரண்டாவது வட்டு முடிந்தது. சுபம் வந்துவிட்டது. பெரிய மாமா வரவில்லை. நகைச்சுவை நடிகர் ஒரு காட்சியில் கிளம்பிப் போகிறார், அடுத்த காட்சியில் திரும்பி வந்து, "கிளி சொன்னது பலித்துவிட்டது" என்கிறார். நடுவில் இருந்த கிளி இல்லை. அம்மா அந்த வசனத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அடுத்து வருவதை மறக்க வேண்டாம். என் மகன்தான் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, தணிக்கைச் சான்றிதழ் வரும் இடத்தில் நிறுத்தினான். நாம் யாரும் கவனிக்காமல் கடந்துபோகும் காகிதம். அதில் படத்தின் நீளம் எழுதியிருக்கும். எங்கள் படத்துக்கு 15,660 அடி. முப்பத்தைந்து எம்.எம். பிலிம் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். வகுத்துப் பார்த்தால் 174 நிமிடம். நம் நாட்டு வீடியோவில் படம் சற்று வேகமாக ஓடும். தியேட்டரில் நொடிக்கு 24 படச்சட்டம், வீடியோவில் 25. அதனால் நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்து 167 நிமிடம் வர வேண்டும். எங்கள் இரண்டு வட்டும் சேர்ந்து ஓடியது 132 நிமிடம். முப்பத்தைந்து நிமிடம் காணோம். காரணமும் எளிது. ஒரு விசிடியில் 74இலிருந்து 80 நிமிடம் வரைதான் பிடிக்கும். மூன்று வட்டு போட்டால் செலவு. இரண்டில் அடக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். கதையில் கை வைத்தால் ஆட்கள் திட்டுவார்கள், பாட்டை வெட்டினால் வாங்க மாட்டார்கள். ஆகவே கத்தி நகைச்சுவைப் பகுதியில்தான் விழும். என் மாமாவைப்போல் ஒரு காட்சிக்கு வந்து போனவர்கள் எல்லாரும் இருக்கும் இடம் அதுதான். ஆகவே யாரிடம் பிரதி வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொத்தம் எத்தனை நிமிடம்? சான்றிதழில் எத்தனை அடி? 45 ரூபாய் அட்டையை 1,800 கொடுத்து வாங்கினேனே, அந்த 1,800கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தக் கணக்கை முன்பே தெரிந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், அம்மாவை அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து நோகடித்திருக்க மாட்டேன்.

மூன்று வாரம் நான் எதையும் தேடவில்லை. கிடைக்காது என்று மனம் விட்டுப்போயிற்று. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தது. அதன் பிரதியே இன்று இல்லை. தமிழ்நாட்டில் எடுத்த ஊமைப் படங்களும் அனேகமாக எல்லாமே போய்விட்டன. ஓட்டம் முடிந்த பிலிம் சுருளை வெள்ளி எடுப்பதற்காக உருக்கியவர்கள் உண்டு. 2003இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கிடங்கிலேயே தீப்பிடித்து, எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிம்கள் எரிந்தன. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கிளி ஜோசியரை யார் காப்பாற்றி வைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

அம்மாதான் என்னை மறுபடி கிளப்பினாள். "உன் சித்தப்பா மலேயாவிலிருந்து வரும்போது கேசட் கொண்டுவருவாரே, அந்தப் பெரிய கேசட்டில் ஒரு படம் முழுசாக இருக்குமே" என்றாள். உண்மைதான். வீடியோ கேசட்டில் மூன்று மணி நேரம் ஒரே நாடாவில் பிடிக்கும், வெட்ட வேண்டிய தேவை இல்லை. எண்பதுகளில் சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர்களுக்காகப் பழைய படங்கள் கேசட்டில் போயின. நீளமான படத்துக்கு டிவிடி வராமல் விசிடி மட்டும் வந்திருந்தால், அதைவிடப் பழைய கேசட்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்; காலத்தில் பின்னால் போகப் போகப் படம் முழுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றிலும் நம் ஊர் முறையிலான வீடியோதான், நம் கருவியில் ஓடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ கிடைத்த கேசட் என்றால் முறை வேறு. இரண்டையும் ஓட்டும் கருவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் அக்கா பினாங்கில் இருக்கிறார். அவர் மூலம், முன்பு வீடியோ கடை வைத்திருந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். கடையை மூடிய பிறகும் கேசட்டுகளைக் கொட்டாமல் ஓர் அறை முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார். இந்த முறை நான் கேட்டது படத்தின் பெயரை அல்ல. "ஐயா, கிளி ஜோசியர் வரும் காட்சி அதில் இருக்கிறதா?" என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். மூன்று நாள் கழித்து அவரே அழைத்தார். "இருக்கிறது அம்மா. நல்ல குரல் உங்கள் மாமாவுக்கு" என்றார். எனக்குப் பேச வரவில்லை. பணம் எவ்வளவு என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். அவரிடம் இரவல் வாங்கிப் போனவர்கள் அதை நகலெடுத்துப் பெரிய விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதனால் படத்தின் பெயரோடு தன்னைச் சேர்த்து எங்கும் சொல்ல வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தாரிடம் கேசட்டைக் கொடுத்து அனுப்பினார். இணையத்தில் எனக்குக் கிடைத்தவர்கள் எல்லாரும் விற்பவர்கள். ஆள் மூலம் ஆள் பிடித்துப் போனபோது கிடைத்தவர் காப்பாற்றுபவர். தொடக்கத்திலேயே என் சொந்தங்களிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். சினிமாவுக்கு இவ்வளவு அலைகிறாளே என்று நினைப்பார்கள் என்ற கூச்சத்தில் கேட்காமல் இருந்தேன்.

பழைய கேசட் கையில் வந்ததும் ஆவலில் கருவிக்குள் தள்ளிவிடாதீர்கள். கண்ணாடி வழியாக நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியின் தலையும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் கேசட்டைப் பெரியவர் முன்பே துடைத்துப் பராமரித்திருந்தார். கல்யாண வீடியோ கேசட்டுகளை மாற்றிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மணிக்கு 800 வீதம் 2,400 ரூபாய் வாங்கினார். முதலில் கேசட்டை ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றி, நாடாவை இளக்கிவிட்டுத்தான் பதிவு செய்தார். அந்த ஒரு செயலிலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. டிவிடியாகக் கேட்காதீர்கள், அதிகம் சுருக்காத கோப்பாகப் பென்டிரைவில் கேளுங்கள். எங்கள் பிரதி 165 நிமிடம் ஓடியது. இரண்டே நிமிடம்தான் குறைவு.

அதற்குள் அம்மாவின் பார்வையில் முகங்கள் போய்விட்டிருந்தன. வெளிச்சமும் அசைவும் தெரியும், முகம் தெரியாது. இதை நான் எப்படி எழுதினாலும் என் மனம் ஆறாது. அந்தக் காட்சி வரும்போது திரையின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். தலைப்பாகை கட்டிய, கன்னம் ஒட்டிய ஒரு மனிதர்; அம்மாவின் அதே மூக்கு. எனக்குத்தான் அவரைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் தயங்கி, "அண்ணன் குரல் இவ்வளவு மெல்லிசு இல்லையே. இன்னும் கனமாக இருக்கும்" என்றாள்.

வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். என் மகன்தான் நிமிர்ந்தான். "பாட்டி சொல்வது சரி. வீடியோவில் வேகமாக ஓடும்போது குரலும் நூற்றுக்கு நாலு பங்கு ஏறிவிடும்" என்றான். படத்தை ஓட்டும்போது வேகத்தை மட்டும் குறைத்தால் போதாது, பல மென்பொருள்கள் சுருதியைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடும். அவன் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியை மட்டும் பிரித்துப் போட்டு, வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி நூற்றுக்குத் தொண்ணூற்றாறாகக் குறைத்தான். இருபது நிமிட வேலை. அம்மாவின் காதில் ஹெட்போனை வைத்தோம்.

கிளிக்குச் சீட்டு எடுக்கச் சொல்லும் முதல் வரியிலேயே அம்மாவின் முகம் மாறியது. மாமா பேசப் பேச அவளும் உதட்டுக்குள் அதே வரிகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அறுபத்து மூன்று ஆண்டாக அவற்றை அவள் மனப்பாடமாக வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.